என்னட்ட கேள்வி கேக்கப்பிடாது

“15 ஜனவரி 2020, புதன். பொங்கல். மழை இல்லை. காலையில் எதிர்வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். கையில் வெட்டோத்தி. அவர் வீட்டுக் கணினியில் திரையை அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு: விண்டோஸ் ஏழுக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதியதற்கு மாறவும். வாசித்துச் சொன்னேன். அவர் மனைவியின் கீழுதட்டில் இரத்தம். என்னவென்று கேட்கவில்லை.”

என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. விறகு வெட்டும் கத்தியைத்தான் எங்கள் பக்கம் வெட்டோத்தி என்போம். பண்டிகை நாளில் அதோடு ஒருவர் வாசலில் வந்து நின்றதை எந்த வியப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அவர் வெட்டோத்தி இல்லாமல் வந்திருந்தால்தான் அது குறிக்க வேண்டிய செய்தி.

இப்போது அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் பதினான்கோடு விண்டோஸ் பத்துக்கும் ஆதரவு முடிந்துவிட்டது. என் கணினியிலும் அறிவிப்பு வருகிறது. மாறலாமா, இருக்கிறதை வைத்தே ஓட்டலாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பொத்தானை நோக்கிச் சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரருடைய வலதுகை நினைவுக்கு வருகிறது. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு.

மீதி மூன்றையும் ரப்பர் ரோலர் தின்றது. திற்பரப்பிலிருந்து மேற்கே போகிற சாலையோரம் எங்கள் வீடுகள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளை என்கிற தோட்டம், விளைக்கு நடுவே புரை என்று ஒரு கொட்டகை, புரைக்குள் உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அடிக்கும் இரும்பு ரோலர். இது அங்கே எல்லோரிடமும் இருப்பதுதான். ஒருநாள் ஷீட்டோடு அவர் கையும் உள்ளே போனது. கையை உருவி எடுத்தவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தோர்த்துத் துண்டால் கையைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடதுகையால் கடப்பாரையை எடுத்து ரோலரின் பல்சக்கரம் தெறிக்கும்வரை அடித்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் ஓடிப்போனோம். ஆஸ்பத்திரியில் மருத்துவர், “எப்படி ஆச்சு?” என்று கேட்டார். கத்தரியும் பஞ்சும் வைத்திருந்த தட்டு பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது.

“என்னட்ட கேள்வி கேக்கப்பிடாது” என்றார்.

அவரை அறிந்தவர்கள் அனைவரும் அறிந்த வாக்கியம் அது. அடி அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. கொடுக்கவும் செய்வார், வாங்கவும் செய்வார். திட்டினால்கூடச் சில நேரம் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் யாரும் அவரிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது. கேள்வி என்பது அவர் கழுத்தில் விழுகிற கை. பேருந்தில் நடத்துநர், “எங்க இறங்கணும்?” என்று கேட்டதற்குக் கன்னத்தில் கொடுத்தார். பயணச்சீட்டுப் பை அறுந்து சில்லறை பேருந்து முழுவதும் உருண்டது. சபைக்குப் புதிதாக வந்த போதகர் வீட்டு ஜெபத்துக்கு வந்து, உட்கார்ந்த உடனேயே, “குடும்ப ஜெபம் தினமும் உண்டா?” என்று விசாரித்துவிட்டார். போதகர் சாலைக்கு வந்து சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றச் செருப்பை மறுநாள் எதிர்வீட்டுக்காரரின் மனைவி ஒரு துணிப்பையில் வைத்துப் போதகர் வீட்டில் கொண்டு கொடுத்தார்.

அந்த அம்மாவுக்கு அதுதான் வேலை. கணவர் உடைத்ததைப் பொறுக்குவது. அவரிடம் வருகிற கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வது. வாசலில் யாராவது வந்து, “அண்ணாச்சி இருக்காவளா?” என்று குரல் கொடுத்தால், அடுக்களையில் கை மாவோடு நிற்பவர் பாய்ந்து வந்து, “இருக்காவ, இருக்காவ, என்ன விசயம், எனக்கிட்ட சொல்லுங்கோ” என்பார். கேள்வி அவர் காதுவரை போய்விடக் கூடாது. போய்விட்டால், வந்தவர் போன பிறகு அதற்கு யார் உடம்பு பதில் சொல்லும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். மூன்று விரல் இல்லாத கையால் அடித்தால் வலி குறைவாக இருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. இரண்டு விரலின் எலும்பும் ஒரே இடத்தில் இறங்கும் என்பதை அந்த அம்மாவின் கன்னத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எதிர்வீட்டுக்காரரின் பகை ஊரில் பலரோடு. ஆனால் மையமான பகை ஒன்றுதான்: இறந்துபோன தம்பியின் மனைவி. பாகம் பிரித்தபோது தம்பிக்குப் பின்பக்க விளை கிடைத்தது. அங்கிருந்து சாலைக்கு வர ஒரே ஒரு பாதை, அதுவும் இவர் விளை வழியாக. அந்தப் பக்கம் ஓடை. மழைக்காலத்தில் ஆள் இறங்க முடியாது. தம்பி மனைவி பால்வெட்டுக்காரி. விடியும் முன்னே கத்தியும் வாளியுமாக அந்தப் பாதையில் நடந்துபோய், நாலு பேர் விளையில் ரப்பர் வெட்டித்தான் அவள் ஜீவனம். பாதை அடைந்தால் அவள் அடைந்தாள்.

தம்பி இருக்கும்வரை பொறுத்திருந்தவர், அவன் போன பிறகு பாதையின் குறுக்கே கையாலை வைத்தார். கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டும் எல்லைச் சுவர் அது. அவள் இடித்தாள். மீண்டும் வைத்தார். மீண்டும் இடித்தாள். அவளுடைய ஏத்தன் வாழைகளைக் குலையோடு வெட்டிச் சாய்த்தார். அவள் வந்து இவர் உறைய வைத்திருந்த ரப்பர் பால் டிஷ்களையெல்லாம் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் சாலையில் வைத்து இவர் அவள் முடியைப் பிடித்தார். அவள் இவர் தோளைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டாள். அந்தத் தழும்பைச் சட்டையைத் திறந்து எனக்குக் காட்டியிருக்கிறார்.

“பாத்தீரா சாரே. பட்டி கடிச்சா ஊசி போடலாம். இவ கடிச்சதுக்கு மனுதான் போடணும்.”

மனு. அதற்காகத்தான் கணினி வந்தது. வளைகுடாவிலிருந்து அவருடைய மகன் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனது. இரண்டு விரலால் தட்டச்சு செய்ய முடியாது. ஆனால் மனைவி கல்யாணத்துக்கு முன் குலசேகரத்தில் தமிழ்த் தட்டச்சு லோயர் முடித்தவர் என்பது எப்படியோ அவருக்கு நினைவிருந்தது. மனைவியைப் பற்றி அவருக்கு நினைவிருந்த ஒரே சங்கதி அதுதான் என்று பின்னால் தெரிந்தது. அந்த அம்மா வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது சான்றிதழை அடுப்பில் போட்டவரும் அவரே.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கும். அவர் அறைக்குள் கூண்டுப் புலிபோல நடந்துகொண்டு கத்துவார்: “மேற்படி எதிர்மனுதாரர் ஒரு கலகக்காரி… அடிச்சியா? கலகக்காரி… கமா போடு.” அந்த அம்மா அடிப்பார். சாலைக்கு இப்பால் எனக்குச் சொல் எல்லாம் கேட்கும். கிராம அலுவலகம், ஊராட்சி, தாலுகா, ஆட்சியர், அதற்கும் மேலே. வீட்டில் யாராவது வந்தால், “இவதான் எனக்க விரலு” என்று மனைவியைக் காட்டிச் சிரிப்பார். அவருக்கு அன்பு என்று ஒன்று இருந்திருந்தால் அந்தச் சிரிப்பில்தான் இருந்திருக்க வேண்டும்.

கணினி கேள்வி கேட்கிற சாதனம் என்பதை நாம் கவனிப்பதில்லை. சேமிக்கவா? அழிக்கவா? நிச்சயமாகத்தானா? அந்த அம்மா கவனித்திருந்தார். கேள்விப் பெட்டி திரையில் எழும்பும் முன்னே ‘ஆம்’ என்பதன்மேல் விரலை வைத்துக் காத்திருப்பார். பத்து வருடமாக அந்தக் கணினி ஒரு கேள்வியும் கேட்காது என்றே கணவர் நம்பியிருந்தார்.

பொங்கல் காலையில் அந்த நம்பிக்கை உடைந்தது. மனைவி அடுக்களையில் பானையோடு இருந்த நேரத்தில் இவரே போய்ப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அறிவிப்பு எழும்பியது. கீழே சின்ன எழுத்தில் மூன்று வழி: பிறகு நினைவூட்டு, மேலும் அறி, மீண்டும் நினைவூட்டாதே.

நான் போனபோது திரைக்கு முன்னால் மனைவி கைகளை விரித்துக்கொண்டு நின்றார், அடி திரையில் விழாமல் இருக்க. ஓர் அடி ஏற்கெனவே அவர் வாயில் விழுந்திருந்தது.

“ஓய் சாரே, இஞ்ச வாரும். இது என்னத்தச் சொல்லுகுன்னு பாரும்.”

“ஆதரவு முடிஞ்சு போச்சாம்.”

“எவனுக்க ஆதரவு?”

“கம்பெனிக்காரனுக்க.”

“நான் எவன்ட்ட ஓய் ஆதரவு கேட்டேன்? எனக்க வீட்டுக்குள்ள இருந்துகிட்டு எனக்கே நோட்டீஸ் தாறானா?”

இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, வெளியாட்கள் உள்ளே புகுந்து கோப்புகளைப் பார்க்க வாய்ப்புண்டு என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. வெட்டோத்தியைக் கீழே வைத்தார்.

“வெளியாளுன்னா… பின்னால கெடக்குதவளா?”

“அவளுக்கு எழுதப் படிக்கவே தெரியாதே.”

“வக்கீலு வச்சிருப்பா ஓய். அவன் உள்ள கேறுவான்.”

அன்று முதல் அந்த வீட்டில் ஒரே பேச்சு, மாற்றுவதா வேண்டாமா என்று. மாற்றாவிட்டால் தம்பி மனைவி கம்பி வழியாக உள்ளே வந்துவிடுவாள். மாற்றினால் வேறோர் ஆபத்து: மனுக்கள் எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. புதியதில் அந்த எழுத்துரு இல்லையென்றால் மனு முழுக்க ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் குப்பையாகத் தெரியும். குலசேகரத்தில் கணினிக் கடை வைத்திருப்பவர் இதைச் சொல்லிவிட்டார். மூலப் பத்திரங்களை மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஸ்கேன் செய்துவைத்தது கணினியில்தான். முன்பு கையாலை இருந்தது என்று காட்ட அவர் வைத்திருந்த படங்களும் கணினியில்தான். தாலுகா அலுவலகத்தில் விசாரணைக்கு நாள் வந்திருந்தது. அன்று அவை இருந்தால் பாதை அடையும். இல்லாவிட்டால் அடையாது.

முடிவு எடுக்க முடியாத அவரைப் போல ஆபத்தான ஆளை நான் பார்த்ததில்லை. முற்றத்தில் நின்ற அயனி மரக்கன்றை வெட்டினார். அரிசிப் பானையை உதைத்தார். அந்த அம்மா சோறு போட்டு வளர்த்த கறுப்பு நாய் ஒன்று உண்டு. கொல்லைப்பக்கமே கிடக்கும், அவர் இருக்கும்போது முன்பக்கம் வராது. அந்த வாரம் ஒருநாள் வந்தது. தலையைச் சாய்த்து, காதைத் தூக்கி அவரைப் பார்த்தது. நாய்கள் அப்படிப் பார்ப்பது ஏதோ கேட்பதுபோலத்தான் இருக்கும்.

மண்வெட்டியால் ஒரே அடி.

அதைப் புதைக்கக் குழி எடுத்தது அந்த அம்மாவும் தம்பி மனைவியும். பகை மூண்ட நாளிலிருந்து ஓரகத்திகள் இருவரும் அவர் கண்ணில் பட ஒன்றாக நின்றதில்லை. அன்று நின்றார்கள். “அவியளுக்க கண்ணுல படாம போயிருட்டி” என்று அந்த அம்மா சொல்ல, “பாத்தா பாக்கட்டு, எனக்க கத்திக்கு இன்னைக்குச் சாணை போட்டாச்சு” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் அந்த அம்மா என் வீட்டு வேலியருகே வந்தார்.

“அண்ணே, மாத்தினா அந்த எழுத்தெல்லாம் போயிருமா?”

“போனாலும் போவும். கடைக்காரர் அப்படித்தான் சொல்லுகாரு.”

“செரி.”

அவ்வளவுதான். வீட்டுக்குள் போய், “மாத்துததுதான் நல்லதுன்னு சார் பறஞ்சாவ” என்று கணவரிடம் சொல்வது எனக்கே கேட்டது. நான் அப்படிச் சொல்லவில்லை. திருத்தப் போகவும் இல்லை.

கடைக்காரர் சௌதியில் பதினைந்து வருடம் இருந்து திரும்பியவர், நிதானமான மனிதர். அவர் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் முதலில் செய்த வேலை எல்லாக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் எடுத்தது. பிறகு புதிய விண்டோஸை ஏற்றினார். பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டார். ஒரு மனுவைத் திறந்தார். ‘மேற்படி எதிர்மனுதாரர் ஒரு கலகக்காரி’ என்று தெளிவாக வந்து நின்றது. ஓர் எழுத்துகூட சிதறவில்லை. எதிர்வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த அம்மா காபி எடுக்க உள்ளே போனார். நான் அவர் முதுகைத்தான் பார்த்தேன்.

“அந்தக் குச்சிய இஞ்ச தாரும்” என்று எதிர்வீட்டுக்காரர் பென்டிரைவை வாங்கினார்.

“பத்திரமா வச்சுக்கிடுங்கோ அண்ணாச்சி, ஒரு காப்பி கைவசம் இருக்குதது நல்லது.”

“காப்பியா? வெளிய ஒரு காப்பி கெடந்தா எவளுக்கும் போவும்.” அம்மிமேல் வைத்துக் குழவியால் ஒரே இடி. கறுப்புத் தூளும் பச்சைச் சில்லுமாகப் போயிற்று. “இனி உள்ள இருக்குததுதான் உள்ளது. பூட்டு போடும்.”

பூட்டு என்றால் கடவுச்சொல். கடைக்காரர் எழுந்து இடம் விட்டார். அந்த அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டினார். திரையில் புள்ளிகள் விழுந்தன. அடுத்து வந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் வாய்விட்டு வாசித்துவிட்டார்:

“பாஸ்வேர்டு மறந்தா கேக்குததுக்கு மூணு கேள்வி வைக்கணும் அண்ணாச்சி. முதல்ல வளத்த செல்லப்பிராணிக்க பேரு என்ன…”

“என்னட்ட கேள்வியா?”

அவர் கை உயர்ந்தது. கடைக்காரர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“ஒங்ககிட்ட இல்ல, ஒங்ககிட்ட இல்ல. எனக்கிட்டதான் கேக்கு” என்றார் அந்த அம்மா. குரலில் அவசரம் இல்லை. “நான் போடுகேன். நீங்க போயி வெத்தல போடுங்கோ.”

அவர் போனார். அந்த அம்மா மூன்று பதில்களைத் தட்டினார். முதல் செல்லப்பிராணி, சிறுவயதில் கூப்பிட்ட பெயர், முதலில் படித்த பள்ளி. மரியாதைக்காக நானும் கடைக்காரரும் சுவரில் இருந்த சபை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம். கோப்புகளை எடுத்து, குலசேகரத்தில் அச்செடுத்து வைக்க வேண்டும். “பூட்டத் தொறட்டி” என்றார் அவர். அந்த அம்மா உட்கார்ந்து தட்டினார். தவறு என்றது. மீண்டும் தட்டினார். தவறு.

“என்னட்டி?”

“ஓர்மை இல்ல.”

“என்ன இல்ல?”

“ஓர்மை இல்ல. மறந்து போச்சு.”

முதலில் கீபோர்டால் அடித்தார். அது இரண்டாக உடைந்து எழுத்துகள் முற்றம்வரை சிதறின. நான் சாலையைத் தாண்டி ஓடும்போது காலில் மிதிபட்டன. பிறகு முடியைப் பற்றி இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ரோலர் புரைக்கு. பல்சக்கரம் மாற்றி, அந்த ரோலர் மீண்டும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

“வெரலுக்குத்தானட்டி மறந்து போச்சு? வெரல இதுல வச்சுப் பிழிஞ்சா ஓர்மை வரும்.”

அந்த அம்மாவின் வலதுகை மணிக்கட்டைப் பிடித்து உருளைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைச் சுற்ற முயன்றார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் இடித்தார், என் மூக்கிலிருந்து சூடாக வழிந்தது. அவருக்கு அன்று அறுபது தாண்டியிருந்தது. என்னால் அவரை அசைக்க முடியவில்லை. அந்த அம்மா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கைப்பிடி கால் சுற்று சுற்றியது. ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பாதையில் ஆள் ஓடி வரும் அரவம். தம்பி மனைவி. வாளி எங்கேயோ விழுந்திருந்தது, பால்வெட்டுக் கத்தி கையில் இருந்தது. கைப்பிடியைச் சுற்றிய கையில், முழங்கைக்குக் கீழே, மரத்தில் இழுப்பதுபோல ஒரு கோடு இழுத்தாள். அவர் பிடி விட்டது.

“அக்காவ விடும். இல்லேன்னா அடுத்த வெட்டு கழுத்துல.”

அவர் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வந்த பாதையைப் பார்த்தார். அதில் கையாலை நின்றிருந்தால் அவள் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியதா என்று சொல்ல முடியாது.

அந்த அம்மாவுக்கு இரண்டு விரலில் எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, சாயங்காலத்துக்கு முன்னே வீடு திரும்பி, முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் தம்பி மனைவி, மடியில் கத்தி. தன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் கடைக்காரரை வரவழைத்திருந்தார். கடைக்காரர் வர மாட்டேன் என்றுதான் சொன்னாராம். நான் இருப்பேன் என்று சொன்ன பிறகு வந்தார்.

“மறந்துட்டுதுன்னா அந்த மூணு கேள்விக்கும் பதில் சொன்னாப் போதும் அண்ணாச்சி. புதுசா பூட்டு போட்டுக்கிடலாம்.”

“கேளும்” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

“முதல்ல வளத்த செல்லப்பிராணிக்க பேரு.”

அவர் யோசித்தார். நெற்றியில் வியர்த்தது. “நாயி. கறுப்பு நாயி ஒண்ணு கெடந்துது.”

“அதுக்க பேரு என்ன?”

முற்றத்தைப் பார்த்துக் கத்தினார். “ஏட்டி, அந்தப் பட்டிய என்னன்னு விளிப்ப?”

“ஓர்மை இல்ல” என்றார் அந்த அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

“செரி, அடுத்தது. சின்ன வயசுல வீட்டுல கூப்பிட்ட பேரு.”

“யாரு? அவளையா?” ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். “அவளுக்குப் பேரு… ஞானஸ்நானப் பேருதான் எனக்குத் தெரியும். வேற பேரு எதுக்கு?”

“படிச்ச பள்ளிக்கூடம்?”

நாற்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர் அவர். முற்றத்தில் தம்பி மனைவி சிரித்தாள். பெரிய சிரிப்பு அல்ல. மூக்கால் ஒரு சிரிப்பு.

கடைக்காரர் நல்ல மனிதர். அவரைக் காப்பாற்றத்தான் நினைத்தார். “சாரமில்ல அண்ணாச்சி, ஹார்ட் டிஸ்கக் கழத்தி வேற கம்ப்யூட்டருல போட்டா எல்லாத்தையும் எடுத்திரலாம். எனக்க கடையில வச்சு…”

“வேற கம்ப்யூட்டரா? கண்டவனுக்க கடையில வச்சுப் படிக்கவா?”

கடப்பாரை கதவு மூலையில்தான் சாத்தியிருந்தது. முதல் குத்தில் திரை போனது. பிறகு பெட்டி. தகரம் பிளந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அவர் நிறுத்தவில்லை. ரோலரை அடித்த அதே அடி. ஆனால் இந்த முறை முனகிக்கொண்டே அடித்தார். “கேப்பியா? இனிக் கேப்பியா?” டிஸ்க் வளைந்து கல்தரையில் பதிகிறவரை அடித்தார். கடைக்காரர் தன் பையை விட்டுவிட்டே போய்விட்டார். மறுநாள் நான் கொண்டு கொடுத்தேன்.

தாலுகா அலுவலகத்தில் அவரிடம் கேட்டது எல்லோரிடமும் கேட்பதுதான்: “ஆதாரம் ஏதும் வச்சிருக்கீங்களா?” மேசைமேல் இருந்த கண்ணாடியை உடைத்ததால் காவலர்கள் வந்து வெளியே கொண்டுவிட்டார்கள். மனு தள்ளுபடியானது. அவர் மீண்டும் கையாலை வைக்கவில்லை. கல்லை அள்ளிக் கொடுக்க இரண்டாவது ஆள் இல்லை; அந்த அம்மா கட்டுப் போட்ட கையைக் காட்டிவிட்டார். மனு அடிக்க விரலும் இல்லை. பாதை இன்றும் இருக்கிறது. நேற்றுக் காலையில்கூடத் தம்பி மனைவி அதில் வாளியோடு போனாள்.

அடுத்த வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் கட்டில் பக்கத்தில் நின்றேன். இளம் மருத்துவர் ஒருவர் குனிந்து, மனைவியைக் காட்டி, “ஐயா, இது யாரு? பேரு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டார். நான் பழக்கத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மட்டும் மெல்லத் திருப்பி மனைவியைப் பார்த்தார், எத்தனையோ வருடமாகப் பார்த்ததுபோல, இவள் சொல்லிவிடுவாள் என்று.

அந்த அம்மா சொல்லவில்லை. போர்வையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். மருத்துவர் காத்திருந்து, ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவரை அடக்கம் செய்து நாலு வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் சபைக் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் அந்த அம்மாவிடம் போனேன். இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. காபி தந்தார். எனக்கும் கணினியில் அறிவிப்பு வருகிறது, மாற்றலாமா என்று யோசிக்கிறேன் என்றேன்.

“மாத்துங்கோ அண்ணே. கேள்வி கேக்கும். பதில ஓர்மையில வச்சுக்கிட்டாப் போதும்.”

“அன்னைக்கு நெசமாட்டே மறந்து போச்சா?”

காபித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

சிறுவயதில் அந்த அம்மாவை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்க அவருடைய பிறந்த ஊரில் யாரும் மிச்சமில்லை. நாயின் பெயர் தம்பி மனைவிக்குத் தெரியும், சொல்ல மறுக்கிறாள். கடவுச்சொல்லை அந்த அம்மா உண்மையிலேயே மறந்தாரா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.